கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன்

கேள்வி: குடியாத்தத்தில் கைத்தறி லுங்கிக் கடை வைத்திருக்கிறேன். வெளியூர் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுத, என் தம்பி மகன் போனில் சாட்ஜிபிடி போட்டுக் கொடுத்தான். போன வாரம் கடை வைஃபையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். இப்போது மொபைல் டேட்டாவில் திறக்கிறது; ஆனால் கடவுச்சொல் தவறு என்கிறது. ஜிமெயில் கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு முதலில் இருந்தது ஒரே ஒரு கோளாறுதான், ஐயா, அது வைஃபையில் இருந்தது. செயலியை நீக்கியபோது, அதுவரை போனில் திறந்தே இருந்த உங்கள் கணக்கும் மூடிக்கொண்டது. இரண்டாவது சிக்கல் அங்கிருந்துதான் வந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தம்பி மகன் பெரும்பாலும் ‘கூகுள் வழியாகத் தொடர்க’ என்ற பொத்தானை அழுத்தித்தான் கணக்கைத் தொடங்கியிருப்பார். அப்படித் தொடங்கிய கணக்கிற்கெனத் தனியாக ஒரு கடவுச்சொல் இருக்காது. ஆகவே கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் ஜிமெயில் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றி இட்டாலும் அது ஏற்காது. எந்தப் பொத்தானை அழுத்தினார், எந்த மின்னஞ்சலைத் தேர்ந்தெடுத்தார் என்று அவரிடமே கேட்டு, அதையே செய்யுங்கள். வேறு மின்னஞ்சலில் நுழைந்தால் புதிய கணக்கு திறந்து, பழைய கடிதங்கள் எதுவும் தெரியாது. அவை அழிந்துவிட்டதாக எண்ணிப் பதற வேண்டாம்; பழைய கணக்கில் அப்படியே இருக்கும். ‘முயற்சிகள் அதிகம்’ என்று வந்தால், ஒரு மணி நேரம் பொறுத்திருப்பதே நல்லது.

இனி வைஃபை. டேட்டாவில் திறப்பதால் உங்கள் போன்மீது பழியில்லை. அதே வைஃபையில் இன்னொரு போனில் திறந்து பாருங்கள். அதிலும் சுற்றினால் ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். மற்ற தளங்கள் திறந்து இது மட்டும் திறக்காவிட்டால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பழுதாகியிருக்கக்கூடும். இணைப்புக் கொடுத்தவரிடம் சொல்லி, ரவுட்டரில் அதை 8.8.8.8 என்று மாற்றச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான்.

வைஃபை, டேட்டா இரண்டிலுமே திறக்காதவர்கள் பார்க்க வேண்டியது வேறு. காட்பாடி மாணவி ஒருவர் என்னிடம் கொண்டுவந்த போனில், பேட்டரி முழுதாகத் தீர்ந்து மீண்டபின் தேதி இரண்டு ஆண்டு பின்னால் நின்றிருந்தது. தளம் உண்மையானதுதான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழின் செல்லுபடிக் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று போன் கணக்கிட்டு, இணைப்பையே மறுத்துக்கொண்டிருந்தது. தேதியைத் தானியங்கி அமைப்பிற்கு மாற்றியதும் திறந்துவிட்டது. இணைப்பை வேறொரு கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் போட்டிருந்தால் அதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். விபிஎன்னில் ஒரே இணைய முகவரியைப் பலர் பகிர்வதால் சேவை சந்தேகித்துத் தடுப்பதுண்டு.

சில நாட்களில் கோளாறு நம் பக்கமே இராது. 2025 நவம்பர் 18 அன்று பல இணையதளங்களுக்கு இடையில் நின்று போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வலையமைப்பு பழுதானபோது, சாட்ஜிபிடி உட்படப் பல தளங்கள் உலகெங்கும் முடங்கின. ஆகவே எதையும் நீக்குவதற்கு முன், அந்தச் சேவையின் நிலையைக் காட்டும் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். அவசரத்தில் இணையத்தில் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ தேடி அழைக்காதீர்கள். அப்படிக் கிடைக்கும் எண்களில் பல மோசடிக்காரர்களுடையவை. உங்கள் ஜிமெயில் அவர்கள் கைக்குப் போனால், அதே மின்னஞ்சலோடு இணைந்த வங்கிக் கணக்கிற்கும் ஆபத்து. ஓடிபி கேட்டால், அந்த நொடியே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.