வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம் வீதிக்கு ஏன் வந்தது?

கேள்வி: எனக்கு வயது 61. சின்ன வயதிலிருந்தே கூவாகம் திருவிழாவைப் பார்த்து வருபவன், யார் மீதும் வெறுப்பு கிடையாது. ஆனால் இப்போது டிவியைப் போட்டாலும் போனைத் திறந்தாலும் பால் அடையாளம், தன்பாலீர்ப்பு என்றே பேச்சு. கல்லூரியில் படிக்கும் மகள் சாப்பிட உட்கார்ந்தாலும் இதைத்தான் பேசுகிறாள், கடைசியில் சண்டையில் முடிகிறது. வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம் ஏன் வீதிக்கு வந்தது?
- பெயர் வேண்டாம், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: ஐயா, நீங்கள் கூவாகம் பார்த்து வளர்ந்தவர். அதனால் 'இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு' என்ற பஞ்சாயத்தை உங்களோடு நடத்த வேண்டியதில்லை, பாதி வேலை மிச்சம். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு வினை எப்படி முடியும் என்று தொல்காப்பியமே விதி சொல்லியிருக்கிறது.

இதை முதலில் வீதிக்கு இழுத்தது அவர்கள் இல்லை, சர்க்கார். 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 377 என்று ஒரு பிரிவு வைத்தான். ஒரே பாலினத்தவர் இரண்டு பேர் மனமொத்து, கதவைச் சாத்திக்கொண்டு உறவு வைத்திருந்தாலும் ஆயுள் தண்டனை வரை போகலாம். சரி, எத்தனை பேர் மீது வழக்கு நடந்தது? 150 வருஷத்தில் 200 பேர்கூட இல்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்புறம் என்ன பயம் என்று தோன்றும். வழக்கே வேண்டாம் ஐயா, 'வீட்டில் சொல்லிவிடுவேன், ஸ்டேஷனுக்கு இழுப்பேன்' என்ற மிரட்டல் போதும், மோதிரமும் சம்பளப் பணமும் தானாகக் கைமாறும். பறிகொடுத்தவன் புகார் கொடுக்கவும் முடியாது, கொடுத்தால் அவன்தான் குற்றவாளி. உங்கள் இளமைக் காலத்தில் யாரும் இதைப் பேசவில்லை அல்லவா, அந்த அமைதியில் பாதி இப்படிக் காசு கொடுத்து வாங்கியது.

அதை உடைத்தது நியாய உணர்ச்சி என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் உடைத்தது ஒரு நோய். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழுதான் இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்தது. அதற்குப் பிறகு சுகாதார ஊழியர்கள் பூங்காவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போய், ஆண்களோடு பழகும் ஆண்களைத் தேடிப் பேசியே ஆக வேண்டியதாயிற்று. ஆனால் சட்டப்படி அவர்களுக்கு ஆணுறை கொடுப்பதே குற்றத்துக்குத் துணைபோவது மாதிரி. 2001இல் லக்னோவில் அப்படி வேலை செய்தவர்களையே பிடித்து உள்ளே வைத்தார்கள். அதே வருஷம் நாஸ் ஃபவுண்டேஷன் என்ற எய்ட்ஸ் தடுப்பு அமைப்பு 377ஐ எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது, 2009இல் ஜெயித்தது.

2013இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அப்போது அது சொன்ன ஒரு காரணம், இவர்கள் மிகச் சிறுபான்மை என்பது. உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. 'நீங்கள் கொஞ்சம் பேர்தானே' என்றால் மனுஷன் என்ன செய்வான்? 'இதோ இருக்கிறேன்' என்று முகத்தைக் காட்டுவான். அதுவரை அமைப்பின் பெயரில் நடந்த வழக்கை 2016இல் நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹர், சமையல் கலைஞர் ரிது டால்மியா எல்லாம் சொந்தப் பெயரிலேயே போட்டார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று மனமொத்த உறவு குற்றமில்லை என்று தீர்ப்பானது.

திருநங்கையர் கதை வேறு, அது ரேஷன் கார்டில் ஆரம்பிக்கிறது. எந்தப் படிவத்திலும் ஆண், பெண் என்று இரண்டே கட்டம்தான். 2008இல் தமிழ்நாடு அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது, 2014இல் மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. அதற்கப்புறமும் எஸ்.ஐ. தேர்வு எழுத பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

சத்தம் அதிகம் என்று நீங்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பெருமித மாதம் (Pride) என்று ஜூன் வந்தால் லோகோவுக்கு வானவில் பூசும் கம்பெனிகளும், நாலு பேரை உட்காரவைத்துக் கத்தவிடும் டிவி விவாதமும் எனக்கும் அலுப்புதான். அந்த எரிச்சலை மகள் மேல் காட்டாதீர்கள்.

மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்கு ஓடிவந்த வழக்கு நினைவிருக்கிறதா? 2021இல் அதை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து உத்தரவு போட்டார். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பதற்கும் தடை போட்டார்.

மகளிடம் 'நீ அப்படியா?' என்று மட்டும் எடுத்த எடுப்பில் கேட்டுவிடாதீர்கள். தோழிக்காகப் பேசலாம், தனக்காகவும் இருக்கலாம், அந்த வயதின் அரசியல் ஆர்வமாகவும் இருக்கலாம், அவளாகச் சொல்லட்டும். வருகிற சித்திரையில் அவளைக் கூவாகத்துக்குக் கூட்டிப்போங்கள். அவள் வீடியோவில் பார்த்திருப்பாள், நீங்கள் ஐம்பது வருஷமாக நேரில் பார்த்தவர், உங்களிடம் கேட்க அவளுக்கும் நிறைய இருக்கும்.