நாற்பது வயதுக்கு மேல் இறால் ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. சின்ன வயதிலிருந்தே இறால், நண்டு சாப்பிட்டு வளர்ந்தவள். இப்போது இறால் கறி சாப்பிட்டால் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிக்கிறது. குழந்தையாக இருந்தபோது முட்டை ஒத்துக்கொள்ளாத என் மகனோ 5 வயதில் கேக் சாப்பிட்டும் நன்றாக இருக்கிறான். இது எப்படி?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இரண்டுமே வழமையாகக் காண்பவைதான். பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தணிந்துவிடும். கச்சான் ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே விலகும். இறால், நண்டு ஒவ்வாமை வளர்ந்த பிறகு புதிதாகத் தொடங்குவது சாதாரணம். வந்தால் பெரும்பாலும் நிலைத்துவிடும்.

இறாலில் உள்ள துரோபோமயோசின் என்ற புரதம் கொதிக்க வைத்தாலும் சிதையாது. கூனிச் சம்பலிலும் அது உண்டு, இறால் வேகும் ஆவியிலும் கலந்து வரும். தூசு உண்ணியிலும் கரப்பானிலும் இதே வகைப் புரதம் இருப்பதால், தூசுக்குத் தும்முகிற சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்வதில்லை. உங்களுக்கும் தும்மல் இருந்தால், நவம்பர் முதல் ஜனவரி வரையான மழை ஈரத்தில் தலையணையும் மெத்தையும் உண்ணிக்கு நல்ல இடம் என்பதைக் கவனியுங்கள். உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை 60 பாகைச் சுடுநீரில் துவையுங்கள். வெயிலில் போடுவது மட்டும் போதாது: உண்ணி செத்தாலும் அதன் எச்சம் துணியிலேயே இருக்கும்.

சூரை மீனில் வரும் தடிப்பை இதோடு குழப்ப வேண்டாம். ஐஸ் போடாமல் வைத்த சூரையில் ஹிஸ்டமின் ஊறும், சமைத்தாலும் போகாது. ஒரே சட்டியில் சாப்பிட்ட பலருக்கும் முகம் சிவந்து தலை இடித்தால் அது ஒவ்வாமையல்ல, மீன் பழுது.

வைத்தியரைப் பார்க்கும்வரை இறாலையும் நண்டையும் முற்றாக விடுங்கள். மீனின் ஒவ்வாமைப் புரதம் வேறு. பாரை, அறக்குளா இதுவரை ஒத்துக்கொண்டிருந்தால் நிறுத்தத் தேவையில்லை. தோல் குத்துப் பரிசோதனைக்குப் போவதானால், செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்று கேளுங்கள் (வழக்கமாக ஒரு கிழமை). இல்லாவிட்டால் முடிவு பொய்யாக வரும்.

மூச்சுத் திணறல், குரல் கம்மல், மயக்கம் வந்தால் மாத்திரையை நம்பி இருக்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். அதுவரை படுத்திருங்கள், நடக்க வேண்டாம். மூச்சு முட்டினால் மட்டும் எழுந்து உட்காரலாம்.

மகனுக்குக் கேக்கைத் தொடர்ந்து கொடுங்கள். ஆனால் மாவோடு சேர்ந்து அரை மணி நேரம் வெந்த முட்டை வேறு, பொரித்த முட்டையும் அரைவேக்காடும் வேறு. அவற்றை முதல் தடவை வைத்தியரின் மேற்பார்வையில் மட்டும் கொடுத்துப் பாருங்கள்.