சென்னைக்கும் பெங்களூருவுக்கும் அடிக்கடி போய்வர ரயில், பேருந்து, விமானம், கார் இவற்றில் எது நல்லது?

பெங்களூருவில் வேலை, சென்னையில் குடும்பம், மாதம் இரண்டு முறையாவது போய்வர வேண்டும், சில சமயம் வயதான அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும், எதில் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட என் கதையும் இதுதான். ஆறு வருடம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு வாராவாரம் அயனாவரத்து வீட்டுக்கு வந்துபோனேன். இப்போது என் வேலை சென்னையிலேயே அமைந்துவிட்டது. ஆனால் அக்கா பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறாள். அம்மா இரண்டு மாதம் அவளிடம், இரண்டு மாதம் என்னிடம். கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் என் பொறுப்பு. அதனால் நான்கு வழியிலும் பலமுறை போய்வந்துவிட்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில்தான். அதிலும் நேரம் ஒத்துவந்தால் பகல் ரயில்.

எதில் போனாலும் நேரத்தை வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ணுங்கள். விமானம் ஒரு மணி நேரம், வந்தே பாரத் நாலரை மணி நேரம், பேருந்து ஏழு மணி நேரம் என்று வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். போய்ச் சேர்ந்த மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு அது பெரிதில்லை. மாதம் இரண்டு முறை என்றால் வருடத்துக்கு இருபத்துநான்கு தடவை போய்வருகிறீர்கள். அலுப்பு சேர்ந்துகொண்டே போகும்.

விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அயனாவரத்திலிருந்து சென்ட்ரல் போய், மெட்ரோ பிடித்து மீனம்பாக்கம் விமான நிலையம் சேர ஒன்றேகால் மணி நேரம். புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே அங்கே இருக்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரத்துக்குள்தான். பெங்களூரு விமான நிலையம் 2008-ல் தேவனஹள்ளிக்குப் போனதிலிருந்து, இறங்கிய பிறகு நகரத்துக்குள் வர முப்பது நாற்பது கிலோமீட்டர் இருக்கிறது. அங்கிருந்து வாயு வஜ்ரா பேருந்து நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஹெப்பாள் தாண்டுவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வந்துவிடுகிறது. உங்கள் வீடு பல்லாவரத்திலும், போகுமிடம் எலஹங்காவிலும் என்று இரண்டுமே விமான நிலையத்துக்குப் பக்கமாக இருந்தால் மட்டும் தாராளமாக விமானத்தில் போங்கள். மற்றவர்களுக்கு இதில் நேரமும் மிச்சமில்லை, பணமும் மிச்சமில்லை.

பேருந்து. வேலை பார்த்த ஆறு வருடமும் எனக்குத் துணை இதுதான், அதனால் குறைத்துப் பேச மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேலாளர் ‘இன்னும் ஒரு மீட்டிங்’ என்று உட்கார வைத்தாலும், ராத்திரி பத்தரைக்கு ஏதாவது ஒரு பேருந்து கிடைக்கும். ரயிலில் அது நடக்காது. தமிழக அரசின் எஸ்.இ.டி.சி., கர்நாடகத்தின் ஐராவத், ஆம்னி பேருந்துகள் என்று ராத்திரி முழுக்க வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். ஓசூர் சாலை பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெரும்பாலான பேருந்துகள் ஓசூர், அத்திப்பள்ளி வழியாகத்தான் நகரத்துக்குள் வரும் என்பதால் எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இறங்கிக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மஞ்சள் வழித்தட மெட்ரோ திறந்துவிட்டார்கள். என் காலத்தில் அது இருந்திருந்தால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் கழித்த எத்தனையோ காலைகள் மிச்சமாகியிருக்கும். ஆனால் பேருந்து விடியற்காலை நாலரைக்கே வந்துவிட்டால், மெட்ரோ ஓடத் தொடங்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

தூக்கம்தான் பிரச்சினை. ஸ்லீப்பர் பேருந்தில் படுத்தாலும் பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் பிரேக் போடும்போது உடம்பு முன்னால் போய்வரும். நடுவில் சாப்பாட்டுக்கு என்று நிறுத்தி, விளக்கைப் போட்டு எல்லாரையும் எழுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை நேராக அலுவலகம் போய் உட்கார்ந்தால் மதியம் வரை தலை கனமாகவே இருக்கும். இருபத்தைந்து வயதில் அது தெரியவில்லை. முப்பதைத் தாண்டியதும் நன்றாகத் தெரிந்தது.

அம்மாவைப் பேருந்தில் கூட்டிப்போவதை ஒரே நாளில் விட்டேன். மாரத்தஹள்ளி வரை போகும் என்று சொல்லித்தான் அந்த ஆம்னி பேருந்தில் டிக்கெட் கொடுத்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கு சில்க் போர்டு மேம்பாலத்துக்குக் கீழே நிறுத்தி, வண்டி இதற்கு மேல் போகாது, இறங்குங்கள் என்றார்கள். டிசம்பர் மாதம். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. அந்தப் பேருந்தின் படி உயரம், தரை இருட்டு. ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த காலை எடுக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. நடைபாதையில் பெட்டியின் மேல் அவளை உட்காரவைத்துவிட்டு நின்றேன். ‘பரவால்லடா, விடிஞ்சிடும்’ என்றாள். அதற்குப் பிறகு அவளைப் பேருந்தில் ஏற்றவில்லை. பேருந்துதான் என்று முடிவு செய்தால், எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்பதைப் பயணத்துக்கு முந்தின நாளே போன் போட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கார் விஷயம் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. நாலு பேர், சாமான், குழந்தை என்றால் கார் நல்லதுதான். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஏறக்குறைய 350 கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைப் பேருந்துகள் சாலையை நிறைப்பதற்குள் தாண்டிவிடலாம். ஏழு மணிக்குக் கிளம்பியும் பார்த்திருக்கிறேன், இரண்டு மணி நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. சொந்தக் காரில் அடிக்கடி போகிறவர் என்றால் ஃபாஸ்டேக் வருடாந்திரப் பாஸ் எடுத்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் 3000 ரூபாய்க்கு வந்தது. ஒரு வருடம் அல்லது 200 முறை சுங்கச்சாவடியைக் கடப்பது, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். இந்த வழியில் இருக்கும் சுங்கச்சாவடிகளின் எண்ணிக்கைக்குச் சீக்கிரமே போட்ட பணம் திரும்பிவிடும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சித்தூர், கோலார் பக்கமாக ஹொஸ்கோட்டே வரை போகும் புது விரைவுச்சாலை சுமார் 260 கிலோமீட்டர்தான். அது முழுதாகப் பயன்பாட்டில் இருக்கும்போது இந்தக் கணக்கே மாறும். ஆனால் தனியாகக் காரோட்டிக்கொண்டு மாதம் இரண்டு முறை போய்வருவதை மட்டும் தயவுசெய்து பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பக்கத்தில் பேச ஆளில்லாமல், கிருஷ்ணகிரி தாண்டி எதிர் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். வேண்டாம்.

இப்போது ரயில். சென்ட்ரலிலிருந்து பெங்களூரு சிட்டி 362 கிலோமீட்டர். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, குப்பம், பங்காரப்பேட்டை, கே.ஆர்.புரம், கன்டோன்மென்ட் என்று பாதை போகிறது. வேகம்தான் முக்கியம் என்றால் வந்தே பாரத். 2022 நவம்பரில் மைசூரு – சென்னை வண்டிதான் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத்தாக வந்தது. 2024 மார்ச்சில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முதலில் வந்த வண்டி விடியற்காலை ஆறு மணிக்கு முன்னாலேயே சென்ட்ரலில் கிளம்பி, பத்தரை மணிக்குள் பெங்களூரு சேர்த்துவிடும். சேர் கார் டிக்கெட் ஆயிரம் ரூபாய் சுற்றி. வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தங்கள் குறைவு என்பதால் நீங்கள் இறங்கவேண்டிய இடத்தில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சதாப்தியும் கிட்டத்தட்ட இதே வேகம்தான், அரை மணி நேரம் கூட ஆகலாம். காலையில் பெங்களூருவில் ஒரு வேலை முடித்துவிட்டு அன்று ராத்திரியே வீடு திரும்ப இந்த வண்டிகளால்தான் முடியும்.

ராத்திரி வண்டிகளில் பெங்களூரு மெயில் எனக்குப் பிடித்தது. பதினோரு மணிக்குச் சற்று முன்னால் கிளம்பும். பேருந்தைப் போல உடம்பு குலுங்காது, கால் நீட்டிப் படுக்கலாம். குறை என்னவென்றால் ஐந்து மணிக்குள் இறக்கிவிட்டுவிடும், அதனால் தூக்கம் முழுதாகாது.

ஆனால் நான் மனதாரச் சிபாரிசு செய்வது பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். 1964-லிருந்து ஓடுகிறது. காலையில் ஏழரை மணிக்கு மேல் கிளம்பி ஆறு மணி நேரத்தில் சேர்க்கும். இரண்டாம் வகுப்பு இருக்கை 200 ரூபாய்க்குள் வந்துவிடும். ஆறு மணி நேரமா என்று யோசிப்பீர்கள். நான் சொன்ன வாசல் கணக்கில் விமானத்தை விட இரண்டு மணி நேரம்தான் அதிகம். அந்த நேரம் முழுக்க ஒரே இடத்தில், யாரும் எழுப்பாமல், படிக்கவோ தூங்கவோ முடிகிறது. கழிவறை இருக்கிறது, எழுந்து நாலடி நடக்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூடப் போனால்தான் தெரியும்.

அம்மா குளிர்சாதனப் பெட்டியில் ஏற மாட்டாள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காட்பாடியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஸ்கேன் கவர்களோடு இறங்குவார்கள். அதுவரை வெயிலும் புழுக்கமும்தான். ஜோலார்பேட்டையில் மசால் வடை வாங்கித் தரச் சொல்வாள். அதற்குப் பிறகு வண்டி மேலே ஏற ஆரம்பிக்கும். சென்னை கடல் மட்டம், பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி இந்தப் பக்கத்தில்தான். பாதை வளைந்து வளைந்து போகும். பச்சூர், மல்லானூர் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், பாறைகள், புளியமரங்கள், சிவப்பு மண். அம்மாவுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரிவதில்லை, ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது. ஆனால் ஜன்னல் கம்பியில் கை வைத்தபடியே, ‘காத்து மாறிடுச்சு பாரு, குப்பம் வந்திருக்கும்’ என்பாள். வெளியே பார்த்தால் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னாலுள்ள குப்பம் அவுட்டர் சிக்னலாக இருக்கும். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொள்வாள். ஒருமுறைகூட அவள் சொன்னது தப்பியதில்லை.

பங்காரப்பேட்டை வந்ததும் அவளுடைய பெரியப்பா கதை தொடங்கும். அவர் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். இங்கிருந்துதான் அங்கே கிளை ரயில் போகிறது. 2001-ல் சுரங்கத்தை மூடும்போது அவர் உயிரோடு இல்லை. பள்ளிக்கூட லீவுக்கு இதே பிளாட்பாரத்தில் இறங்கி வண்டி மாறியதை ஒவ்வொரு முறையும் சொல்வாள். நானும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். சென்னையில் ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்கு இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசக் கிடைப்பதில்லை.

திரும்பி வர லால்பாக் எக்ஸ்பிரஸ் வசதி. பெங்களூருவில் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சென்னை. இந்தப் பாதையில் சில வண்டிகள் பெரம்பூரிலும் நிற்கும். வடசென்னைக்காரர்கள் அப்படிப் பார்த்துப் போட்டால் சென்ட்ரல் நெரிசல் மிச்சம்.

டிக்கெட்தான் ரயிலில் ஒரே தலைவலி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். வெள்ளி சாயங்காலம், ஞாயிறு ராத்திரி, பொங்கல், தீபாவளி இருக்கைகள் திறந்த அன்றே போய்விடும். உங்களுக்கு மாதம் இரண்டு முறை என்பது தெரிந்த விஷயம்தானே, இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் போட்டுவையுங்கள். வேண்டாமென்றால் முன்கூட்டியே ரத்து செய்யலாம், பிடித்தம் அதிகமில்லை. தட்கல் முந்தின நாள் காலை ஏ.சி.க்குப் பத்து மணிக்கு, மற்றவற்றுக்குப் பதினோரு மணிக்கு. 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கில் மட்டும்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடிகிறது, அதை இப்போதே செய்துவிடுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அம்மாவுக்கு முழு டிக்கெட்தான்.

கடைசியாக, எங்கே இறங்குவது. எல்லாரும் பழக்கத்தில் பெங்களூரு சிட்டி வரை போட்டுவிடுகிறார்கள். மெஜஸ்டிக் பக்கம் போகிறவர்களுக்கு அது சரி. வைட்ஃபீல்ட், மாரத்தஹள்ளி, இந்திராநகர் பக்கம் என்றால் கே.ஆர்.புரத்திலேயே இறங்கிவிடுங்கள். 2023 அக்டோபரிலிருந்து ஊதா வழித்தட மெட்ரோ அங்கிருந்து இரண்டு பக்கமும் போகிறது, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அங்கே வண்டி நிற்பது ஓரிரு நிமிடம். அம்மாவோடு போகும் நாளில் பங்காரப்பேட்டை தாண்டியதுமே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வைட்ஃபீல்ட் வந்ததும் அவளை எழுப்பிக் கதவுப் பக்கத்து இருக்கைக்குக் கூட்டிவந்துவிடுங்கள். முதலில் நீங்கள் இறங்குங்கள், பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டுங்கள்.