கணினி கேள்வி–பதில்: மெயில் இறக்கியை ஓபன்பிஎஸ்டிக்குக் கொண்டுபோக

கேள்வி: லினக்ஸுக்காக சி மொழியில் எழுதிய பாப்3 (சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் நெறிமுறை) வழியாக மெயில் இறக்கும் புரோகிராமை ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் கம்பைல் செய்தால், கம்பைல் செய்யும் வழியைச் சொல்லும் மேக்ஃபைலிலேயே பிழை வருகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: மேக்ஃபைல் க்னூ மேக்கின் நடையில் இருக்கும், பிஎஸ்டியின் மேக்குக்கு அது புரியாது. ஜிமேக்கை (க்னூ மேக்) நிறுவி அதைக் கொண்டு ஓட்டுங்கள். அடுத்த சிக்கல், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் பகுதியில் வரும். ஓபன்பிஎஸ்டியில் அதற்கு இருப்பது, ஓபன்எஸ்எஸ்எல்லிலிருந்து பிரிந்த லிப்ரெஎஸ்எஸ்எல் நூலகம். ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பு எண்ணைக் கேட்டால் அது 2.0 என்று சொல்லும். ‘1.1-க்கு மேலா?’ என்று சோதிக்கும் புரோகிராம் பகுதி இதை நம்பி, அங்கே இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிடும். பதிப்பு எண்ணைப் பார்க்காதீர்கள். அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று கம்பைலுக்கு முந்தைய கான்ஃபிகர் கட்டத்திலேயே சோதியுங்கள். 2014-இல் வந்த ஓபன்பிஎஸ்டி 5.5 முதல் அங்கே நேரத்தை வைக்கும் டைம்_டி வகை எல்லா இயந்திரங்களிலும் 64 பிட். அதை ‘லாங்’ என்று அச்சிட்டால் 32 பிட் கணினியில் தேதி குழம்பும். ‘லாங் லாங்’ ஆக மாற்றி அச்சிடுங்கள்.

கேள்வி: கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் முதல் மெயிலை மெயில்பாக்ஸ் கோப்பில் எழுதப்போகும் இடத்தில் அசையாமல் நிற்கிறது. பிழைச் செய்தியும் இல்லை.

பதில்: டாப் கட்டளையில் அந்த புரோகிராமின் ‘வெயிட்’ பத்தியைப் பாருங்கள். ‘லாக்எஃப்’ என்றிருந்தால், அது தன் பூட்டுக்குத் தானே காத்திருக்கிறது. பாதுகாப்புக்காகச் சிலர் ஒரே கோப்பை எஃப்சிஎன்டிஎல், எஃப்லாக் என்ற இரண்டு பூட்டு ஃபங்ஷன்களாலும் பூட்டுவார்கள். லினக்ஸில் உள்ளூர் கோப்பில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை, அதனால் இது தெரியாமலே போய்விடும். பிஎஸ்டி குடும்பத்தில் இரண்டும் ஒரே பட்டியலில் சேர்கின்றன. முதல் பூட்டு புரோசஸின் பெயரில், இரண்டாவது திறந்த கோப்பின் பெயரில். கெர்னலுக்கு இருவரும் வேறு ஆட்கள். ஆகவே இரண்டாவது பூட்டு என்றைக்கும் கிடைக்காது. ஒன்றை மட்டும் வையுங்கள். எதை என்பதை அதே கோப்பில் எழுதும் மெயில் டெலிவரி புரோகிராம் எதைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு மெயிலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் முறைக்கு மாற முடிந்தால் பூட்டே வேண்டாம். என் பரிந்துரை அதுதான்.

கேள்வி: உண்மையான மெயில்பாக்ஸில் சோதிக்கலாமா?

பதில்: அழிக்கும் பகுதியை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். பாப்3-இல் ‘டெலி’ கட்டளை, அழிக்க வேண்டும் என்று குறி மட்டுமே வைக்கும். ‘குவிட்’ அனுப்பிய பிறகே சர்வர் அழிக்கும். எனவே எழுதி, அதை வட்டில் பதியவைக்கும் எஃப்சிங்க் ஃபங்ஷன் வெற்றி என்று திரும்பிய பிறகே டெலி அனுப்ப வேண்டும். சர்வரைக் கையால் சோதிக்க, ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் என்ற கருவியில் 995 போர்ட்டுக்கு இணைந்து கட்டளைகளைத் தட்டலாம். மெயிலை எடுக்கும் ‘ரெட்ர்’ கட்டளையைச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய ‘ஆர்’ எழுத்தில் வரி தொடங்கினால் அந்தக் கருவி அதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும், மெயில் வராது.