அறை வெப்பநிலை மீக்கடத்தி நிஜமாகவே வந்துவிட்டதா? கூடங்குளம் மின்சாரம் இனி இழப்பில்லாமல் வருமா?

வரவில்லை. மீக்கடத்தி என்றால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்; குளிர்விக்காமலே அப்படிக் கடத்தினால் அறை வெப்பநிலை மீக்கடத்தி. அப்படி ஒன்று வந்துவிட்டதாகப் பேச வைத்த எல்கே-99 என்ற பொருள், 2023 ஜூலையில் தென்கொரியாவில் கிளம்பிய சமாச்சாரம். காந்தத்தின் மேல் ஒரு கருப்புத் துண்டு பாதி தூக்கிக்கொண்டு நிற்கும் வீடியோ வாட்சப் முழுக்கச் சுற்றியது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அதைச் செய்து பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. உள்ளே கலந்திருந்த செப்பு சல்பைடு, 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். அப்போது மின்தடை சடாரென்று இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் மீக்கடத்தல் என்று எண்ணிவிட்டார்கள். இனிமேல் இப்படிச் செய்தி வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள்: மின்தடை குறைந்ததா, பூஜ்யமே ஆனதா? காந்தப்புலத்தை உள்ளிருந்து வெளியே தள்ளியதா? இரண்டாவதுதான் மெய்ஸ்னர் விளைவு. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.

நான் பாளையங்கோட்டையில் எம்ஆர்ஐ டெக்னீஷியன். மீக்கடத்தியோடுதான் பிழைப்பு. ஸ்கேன் தொடங்கும் முன்பே அறைக்குள் ‘சிக்... சிக்...’ என்று ஒரு சத்தம் ஓயாமல் வரும். "ஏய்யா, இன்னும் ஆரம்பிக்கலைன்னியே, அது என்ன சத்தம்?" என்று கேட்காத ஆச்சி கிடையாது. ஆவியாகும் ஹீலியத்தை மறுபடி திரவமாக்கும் குளிர்விப்பான் அது. உள்ளே நியோபியம்-டைட்டானியம் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் முங்கிக் கிடக்கிறது. மிஷினை நிறுவும்போது அதற்குள் கரண்டை ஏற்றி, இரண்டு முனையையும் மூடி, ஒயரைக் கழற்றிவிடுவார்கள். அந்தக் கரண்டு வருடக்கணக்காகத் தானே சுற்றிக்கொண்டிருக்கும். மின்வாரியம் பகல் முழுக்க நிறுத்தினாலும் காந்தம் அப்படியே இருக்கும். "மிஷின் ஆஃப்ல தான இருக்கு" என்று சாவிக்கொத்தோடு நுழைபவர்களைத் தடுப்பதே எங்களுக்குப் பாதி வேலை.

எப்படிச் சுற்றுகிறது? சாதாரணச் செம்பில் எலக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடி, அணுக்களின் அதிர்வில் மோதிச் சிதறுகின்றன. மீக்கடத்தியில் அவை ஜோடி சேர்ந்து, எல்லா ஜோடியும் ஒரே அலையாக நகர்கின்றன. நெல்லையப்பர் தேர் வடத்தில் ஒருத்தர் மட்டும் நினைத்தபடி திரும்ப முடியாது அல்லவா, அதுமாதிரி. ஜோடியை உடைக்க ஓரளவு ஆற்றல் வேண்டும். அந்தக் குளிரில் அதைத் தர வெப்பம் போதாது. மீக்கடத்தி வளையத்துக்குள் சிறைப்படும் காந்தப் பாயமும் (வளையத்தின் ஊடே போகும் மொத்தக் காந்தப்புலம்) நம் இஷ்டத்துக்கு எந்த அளவிலும் இருக்காது. ஒரு சிறு அலகின் முழு மடங்காக மட்டுமே இருக்கும்.

அணு அளவில் மட்டும் நடக்கும் என்று நாம் படித்த குவாண்டம், இங்கே கைக்கு அடங்கும் பொருளில் நடக்கிறது. இதை 1984-85-ல் மீக்கடத்திச் சுற்று ஒன்றில் அளந்து காட்டியதற்குத்தான் ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025 இயற்பியல் நோபல். இன்றைய குவாண்டம் கணினிகள் பலவற்றின் சில்லு அந்த வம்சம்தான். என்னைக் கேட்டால் எல்கே-99 கூத்தைவிட இதற்குத்தான் வாட்சப்பில் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

பொருள் தேடலும் நிற்கவில்லை. 2023-ல் சீன ஆய்வாளர்கள் ஒரு நிக்கல் ஆக்சைடை வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய 1,40,000 மடங்குக்கு மேல் அழுத்தியபோது, 80 கெல்வின் (மைனஸ் 193 டிகிரி) அருகே அது மீக்கடத்தியானது. அப்புறம் அதே வகைப் பொருளை மெல்லிய படலமாக வளர்த்து, அழுத்தமே இல்லாமல் 40 கெல்வின் வாக்கில் கண்டார்கள். 40 என்றால் மைனஸ் 233 டிகிரி. நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு ரொம்ப தூரம், சரி. ஆனால் அழுத்தம் இல்லாமல் கிடைத்ததே பெரிய விஷயம்.

கூடங்குளத்துக்கு வருவோம். அறை வெப்பநிலைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-லேயே ஒரு கிலோமீட்டருக்கு மீக்கடத்திக் கேபிள் போட்டு, திரவ நைட்ரஜனில் குளிர்வித்து ஓட்டினார்கள். நெருக்கடியான நகரத்துக்குள் அது சரிப்படும். வள்ளியூர், நாங்குநேரி தாண்டித் திருநெல்வேலி வரை நைட்ரஜன் குழாயைக் குளிர் குறையாமல் காப்பதற்கு ஆகும் செலவோடு பார்த்தால், இப்போதைக்கு அலுமினியக் கம்பியில் போகும் இழப்பே மலிவு.