வாசல் விளக்குக்கு 48,000 ரூபாய்: மிச்சமாகும் கரண்ட் தவணையைக் கட்டுமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் சொந்த வீடு. போர்டிகோவில் பழைய சோக் வைத்த டியூப் லைட், கேட் தூண்களில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு, பின்பக்கம் 150 வாட் ஹாலஜன் போக்கஸ் லைட். எல்லாம் ராத்திரி முழுக்க எரிகின்றன. இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் அளவில் ஓடுகிறது. ஆள் நடமாடினால் எரியும் மோஷன் சென்சார், செல்போனில் இயக்கும் ஸ்மார்ட் பல்பு, அவற்றை இணைத்து இயக்கும் ஹப் என்ற கருவி, வயரிங் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் கொட்டேஷன் வந்திருக்கிறது. 12 மாத வட்டியில்லா இ.எம்.ஐ. உண்டு, மிச்சமாகும் கரண்ட் பில்லே தவணையைக் கட்டிவிடும் என்கிறார்கள். ஏற்காட்டில் மாதம் ஒருமுறை போய்வரும் சின்ன வீட்டுக்கும் இதையே போடலாமா?
– வாசகி, சேலம்

பதில்: கடன் வாங்கிப் போட வேண்டாம். உங்கள் வெளி விளக்குகளில் நிறைய பணம் வீணாவது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதியை மீட்க 1,500 ரூபாய்க்குள் முடியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சோக்கோடு சேர்த்து டியூப் லைட் 50 வாட், குண்டு பல்பு இரண்டும் 120, ஹாலஜன் 150. மொத்தம் 320 வாட். மாலை ஆறரை முதல் விடியற்காலை ஐந்தரை வரை 11 மணி நேரம் என்றால் ஒரு ராத்திரிக்கு மூன்றரை யூனிட். 60 நாளில் 211 யூனிட். உங்கள் பில்லில் மூன்றில் ஒரு பங்கு வாசலிலும் கொல்லையிலும் எரிந்துபோகிறது.

டியூப் லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. பேட்டன், தூண்களுக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, ஹாலஜனுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போக்கஸ். மொத்தம் 58 வாட். அதே 11 மணி நேரம் எரிந்தாலும் 60 நாளுக்கு 38 யூனிட்தான். பில் 640-லிருந்து 467-க்கு இறங்கிவிடும்.

இதில் ஸ்லாப், அதாவது யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் படிநிலை, உங்களுக்குக் கை கொடுக்கிறது. குறைவது பில்லின் மேல்தட்டு யூனிட்டுகள். 600-க்கு மேல் யூனிட்டுக்கு ஒன்பதரை ரூபாய் அளவில், 500-க்கு மேல் எட்டரை அளவில், 400-க்கு மேல் ஆறு ரூபாய்க்குச் சற்று அதிகமாகக் கட்டுகிறீர்கள். அதோடு 500-ஐத் தாண்டும்போது 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகையும் போய்விடுகிறது. அது மட்டும் இருநூற்றுச் சொச்சம் ரூபாய். எல்லாம் சேர்ந்தால் ஒரு பில்லுக்கு 1,600 ரூபாய்க்கு மேல் மிச்சம். போட்ட பணம் முதல் பில்லிலேயே திரும்பிவிடும்.

இதற்குமேல் சென்சார் என்ன தரும்? கொல்லை விளக்கு அரை மணி, கேட் விளக்கு ஒரு மணி, போர்டிகோ பத்து மணி வரை என்று சுருக்கினால் இன்னும் 32 யூனிட் குறையும். ரூபாயில் ஒரு பில்லுக்கு 200 சொச்சம், வருஷத்துக்கு 1,200 அளவு. சாதாரண சென்சார் ஒன்று 400 முதல் 800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேட்டுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று போதும். ஒன்றரை வருஷத்துக்குள் பணம் வந்துவிடும். ஏ.சி. ஓடும் ஏப்ரல், மே பில்லில் உங்களை 500-க்குள் நிறுத்திவைப்பதே இந்த 32 யூனிட்டாகக்கூட இருக்கலாம். ஆகவே சென்சார் போடுங்கள்.

ஹப்பும் ஸ்மார்ட் பல்பும் வேறு கதை. அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் பல்பு சுமார் அரை வாட் இழுக்கும். நான்கு பல்பும் 3 வாட் ஹப்பும் 24 மணி நேரம் காத்திருந்தால் 60 நாளில் 7 யூனிட். சென்சார் மிச்சம் பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்கு இதிலேயே போகிறது.

தவணைக்கு வருவோம். 48,000-ஐ 12 மாதத்தில் கட்டினால் மாதம் 4,000. பல்பு, சென்சார் இரண்டும் சேர்ந்து தரும் மிச்சம் மாதத்துக்கு 950 ரூபாயைத் தொடாது. அதிலும் பெரும்பகுதி சாதாரண எல்.இ.டி.யால் வருவது. 'வட்டியில்லா' இ.எம்.ஐ.யில் பிராசசிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் உங்கள் தலையில் விழும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். விலை இறங்கினால் அந்த வித்தியாசம்தான் வட்டி. அதே 48,000-ஐ ஆறரை சதவீதத்தில் வைப்பு நிதியில் போட்டால் வருஷத்துக்கு 3,120 ரூபாய் வரும். கரண்ட் மிச்சம்தான் நோக்கம் என்றால், நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு பழைய 75 வாட் ஃபேனை 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேனாக மாற்றுங்கள். அது ஒன்றே 60 நாளில் 40 யூனிட் மிச்சம் பிடிக்கும்.

சென்சார் வாங்கும்போது உடல் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். வகை கேளுங்கள். மைக்ரோவேவ் வகை மழைக்கும் ஆடும் கிளைக்கும் எரியும், மெல்லிய சுவருக்கு அப்பால் நடப்பவருக்கும் எரியும். பேஸ், நியூட்ரல், லோடு என்று மூன்று வயர் உள்ளதாக இருக்கட்டும். இரண்டு வயர் சென்சாரில் கசியும் மின்சாரத்தால் எல்.இ.டி. முழுதாக அணையாமல் மினுக்கும். பழைய ஸ்விட்ச் பாக்ஸ்களில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. எலக்ட்ரீஷியனிடம் முதலில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கொட்டேஷனில் வயரிங் செலவு ஏறுவது இந்த இடத்தில்தான். வெளி லைனுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வயர் சென்சாருக்குள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். மேலிருந்து இறங்கினால் மழைத்தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே போகும்.

பி.ஐ.ஆர். நகரும் சூட்டைப் பார்க்கிறது. நேரே எதிரில் வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை நன்றாகப் பிடிக்கும். எனவே கேட்டைப் பார்த்து வைக்காமல், நடைபாதைக்குப் பக்கவாட்டில் 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில், சற்றுக் கீழ்நோக்கி வையுங்கள். ஏ.சி. வெளி யூனிட்டையோ தெருவில் போகும் வண்டிகளையோ அது பார்க்கக் கூடாது. தன் விளக்கின் வெளிச்சமே தன்மேல் விழும்படி வைத்தால் எரிவதும் அணைவதுமாகத் தவிக்கும். சேலத்து மே மாத முன்னிரவில் காற்றின் சூடே நம் தோலின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்போது சென்சார் எட்டும் தூரம் குறையும். அட்டைப்பெட்டியில் 8 மீட்டர் என்றிருந்தால் 5 என்று கணக்கு வையுங்கள். பகலில் சோதிக்க, எவ்வளவு வெளிச்சம் குறைந்தால் எரிய வேண்டும் என்று அமைக்கும் லக்ஸ் திருகை சூரியன் படத்துக்குத் திருப்பி, எரியும் நேரத்தைக் குறைத்து நடந்து பாருங்கள். சரியானதும் லக்ஸை நிலாவுக்கு, நேரத்தை ஒரு நிமிஷத்துக்கு மாற்றுங்கள். ஆனால் சென்சார் வழியாகக் கரண்ட் வரும் இடத்தில் ஸ்மார்ட் பல்பு மாட்டக் கூடாது. சென்சார் கரண்டை நிறுத்தியதும் பல்பு வைஃபையிலிருந்து விழுந்துவிடும், செல்போனில் தேடினால் கிடைக்காது.

ஏற்காட்டு வீட்டில் கணக்கே மாறுகிறது. மாதம் ஒருமுறை போகும் வீட்டில் இரண்டு மாத உபயோகம் 100 யூனிட்டைத் தாண்டாது என்று நினைக்கிறேன். வீட்டு இணைப்பில் அந்த 100 யூனிட்டும் இலவசம். அங்கே எத்தனை யூனிட் குறைத்தாலும் உங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வராது. பாதுகாப்புக்காக மட்டும் போடுங்கள்: இருட்டியதும் தானே எரிந்து விடிந்ததும் அணையும் 9 வாட் பல்பு வாசலுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒரு சென்சார் விளக்கு. மஞ்சள் நிற 3000 கெல்வின் விளக்குக்கு வெள்ளையைவிடப் பூச்சி குறைவாக வரும். பூச்சி குறைந்தால் சென்சார் கண்ணாடியில் சிலந்தி வலையும் குறையும். தூசியும் மழைத்தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐ.பி. 65 அச்சிட்டதையே வாங்குங்கள். மலையில் இடிமின்னல், எல்.இ.டி.க்குள் கரண்டைச் சீராக்கித் தரும் டிரைவரைத்தான் முதலில் சாகடிக்கும்; மெயின் போர்டில் திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி ஒன்று வைத்துவிடுங்கள். சோலார் விளக்கு, பனிமூட்டம் நாள்கணக்கில் நிற்கும் மாதங்களில் நடுராத்திரிக்கு முன்பே அணைந்துவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஆள் வந்தால் மட்டும் எரியும் நிலையில் வையுங்கள்.