அரிசிக்குப் பதில் கேழ்வரகு: சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

சகோதரி, அரிசியை விட்டுவிட்டுக் கேழ்வரகும் சாமையும் வாங்குகிறேன், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கவில்லையே என்று வருந்தியிருந்தீர்கள். காரணம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகில் ஏறத்தாழ 70. சாமையும் அதற்கு அருகில்தான். நார்ச்சத்து கூடுதல், உண்மை. ஆனால் இரண்டு உருண்டை களி சாப்பிட்டால் என்ன மிச்சம்?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மளிகைக்கு முன் காய்கறி வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள் கத்தரிக்காயைத் தேடி எடுங்கள்: காம்பு முள் விரலில் குத்த வேண்டும், தோல் மினுங்க வேண்டும். நல்லெண்ணெயில் வதக்கினால் வெண்ணெயாகக் குழையும். கூடவே கீரை, முட்டை, பன்னீர். உருளைக்கிழங்கு வேண்டாம்.

அவர் சர்க்கரை மாத்திரை எடுப்பவரானால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாவுச்சத்தைக் குறைத்ததும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும்.